உப்பு வாங்கப் போனவர்

நான் காதல் கதை எழுதுகிறவள். அதிலும் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்துக் காதல் கதை. வாரம் முழுக்கக் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணினியைத் தட்டிக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால் மதியம் வரை நான் இருப்பது போர்க்காலத்தில். புத்தகங்களைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் சூடத்துக்கும் நாள்காட்டிக்கும் நடுவில் அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாமியாரும் மருமகளும் மாறி மாறிப் படிக்கிற கதை என்பதால் கட்டுப்பாடுகள் உண்டு. யாரும் யாரையும் தொடக் கூடாது. கடைசிப் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்ளலாம், அதுவும் தாலி கட்டிய பிறகு.

"ஒன் கதையில ஆளுங்கள தொட்டது கொசு மட்டும்தான்" என்பார் என் கணவர். அவர் என் புத்தகம் ஒன்றையும் முழுதாகப் படித்ததில்லை. கேலி செய்வதற்கு வேண்டிய அளவு மட்டும் படிப்பார்.

கேலி செய்யட்டும். தொடாமல் எழுதுவது எவ்வளவு பாடு என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். போர் எனக்கு அதில் பெரிய வசதி. காதலர்களைப் பிரிக்க வில்லன் வேண்டாம், பணக்கார அப்பா வேண்டாம், சாதகப் பொருத்தம் வேண்டாம். ஒரு லோரி வந்து நின்றால் போதும். தோட்டத்து ஆண்களை ஏற்றிக்கொண்டு ஜப்பான்காரனுக்கு ரயில்பாதை போட சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, போய்விடும். பெண் காத்திருப்பாள், வாசகியும் கூடவே காத்திருப்பாள். வசதி என்று எழுத இன்று கை கூசுகிறது. அன்று அப்படித்தான் நினைத்தேன்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அந்தக் காலத்தில் மின்சாரம் ஏது? வெளிச்சம் என்றால் நிலாதான். ஆகவே தினசரி நாள்காட்டியைக் கிழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு திதியைப் பங்கிட்டுக் கொடுப்பேன். ஒரு கதைக்கு ஒரே ஒரு பௌர்ணமிதான். அது எப்போதும் காதலர்களுக்கு.

போன ஆண்டு வந்த கதையில் கதாநாயகன் சயாமுக்குப் போய்த் திரும்பி வருகிறான். திரும்பித்தான் ஆக வேண்டும். வராவிட்டால் அடுத்த புத்தகத்தை யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் சும்மா திரும்பி வந்தால் நம்பும்படி இருக்காது. யாராவது ஒருவர் அங்கே சாக வேண்டும். ஆகவே அவனுக்கு ஒரு நண்பனை உண்டாக்கினேன். சில பக்கங்களே வருவான். பெயர்கூட வைக்கவில்லை. பெயர் கூடினால் யார் யாரென்று தெரியவில்லை என்று வாசகிகள் திட்டுவார்கள். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவுகிறவன், வீட்டில் கைக்குழந்தை. உப்பு தீர்ந்துபோயிற்று என்று மனைவி சொல்ல, கடைக்குக் கிளம்புகிறான். வழியிலேயே பிடித்து லோரியில் ஏற்றிவிடுகிறார்கள். சயாமில் காய்ச்சலில் கிடக்கும்போது அவன் கதாநாயகனிடம் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்பான்: "கடை தொறந்திருக்கா?"

அவனை எந்த நாளில் சாகவிடுவது என்று நாள்காட்டியைப் பார்த்தேன். பௌர்ணமியைக் கொடுத்தாயிற்று. அமாவாசை என்றால் முகம் தெரியாது. கார்த்திகை தேய்பிறை அட்டமி தோதாக இருந்தது. விடியும் நேரத்தில் அரை நிலா உச்சியில் நிற்கும். முகமும் தெரியும், பரிதாபமாகவும் இருக்கும். "அன்று கார்த்திகை மாதத்துத் தேய்பிறை அட்டமி" என்று ஒரு வரி எழுதி அவனை முடித்தேன். பிறகு எழுந்துபோய் மதியச் சமையலுக்கு மீன் கழுவினேன்.

தீபாவளிப் பலகாரம் இன்னும் டப்பாவில் மிச்சமிருந்த ஒரு மாலை, போன் வந்தது. தெரியாத பெண் குரல்.

"அக்கா, நீங்கதானே அந்த ஜப்பான் காலத்து கத எழுதினது? நான் பிரிக்பீல்ட்ஸ்லருந்து பேசறேன். புக் கடைக்காரர் நம்பர் கொடுத்தாரு. சாரிக்கா, திடீர்னு கால் பண்றேன்."

கதை நன்றாக இருக்கிறது என்று சொல்லப் போகிறாள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தேன்.

"எங்க அத்தைக்கு எண்பது தாண்டிருச்சு. மாமியார். கண்ணு செரியா தெரியாது, நான்தான் டெய்லி வாசிச்சு காட்டுவேன். உப்பு வாங்கப் போறவர் வர்ற எடத்துல நிறுத்துன்னுட்டாங்க. மறுபடியும் வாசி, மறுபடியும் வாசின்னு ஒரே அழுக. அது அவங்க அப்பாவாம்க்கா."

அவள் சொன்னதை நான் நின்றுகொண்டுதான் கேட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. அவளுடைய மாமியார் கைக்குழந்தையாக இருந்தபோது, கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அவருடைய அப்பா உப்பு வாங்கப் போனார். லோரியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு பார்த்தவர்கள் யாரும் இல்லை. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் உப்பு வாங்க யாரும் தனியாகப் போவதில்லை. "ரெண்டு பேராத்தான் போவோம்க்கா. கல்யாணம் ஆகி வந்த புதுசுல எனக்கு சிரிப்பா இருக்கும். இப்ப நானே தனியா போமாட்டேன்" என்றாள்.

அம்மா, அது கதை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போன் கை மாறிவிட்டது.

"பேரு போடாம எழுதியிருக்கியே, அப்பவே தெரிஞ்சுகிட்டேன்" என்றது ஒரு முதிய குரல். "நெஜமா செத்தவங்க பேர போடக்கூடாதுன்னுதானே விட்டே? நல்ல மனசுமா ஒனக்கு. கார்த்திகை தேய்பிறை அட்டமி. இந்த ஒரு நாள எத்தன பேருகிட்ட கேட்டிருப்பேன்! யாருக்கும் தெரியல. வர்ற அட்டமிக்கு எங்கப்பாவுக்குப் படையல் போடறேன். நீ வந்துதான் ஆகணும்."

வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செத்த நாள் தெரியாதவர்களுக்கு என்று நம்மிடம் பொதுவாக ஒரு நாள் உண்டு. அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் விட்டுவிடலாம். அந்த வீட்டில் அதுவும் நடக்கவில்லை. போனில் பேசிய அந்தப் பெரியவருடைய அம்மா விடவில்லை. புருஷன் உப்பு வாங்கப் போயிருக்கிறார், சாகப் போகவில்லை என்பது அந்த அம்மாளின் கட்சி. உயிரோடு இருக்கிறவருக்கு இலை போட்டால் அது சாபம். சாகும்வரை பொட்டு வைத்துக்கொண்டார். பூவோடும் சிவப்புப் புடவையோடும்தான் தூக்கிப் போனார்கள். யாராவது வந்து இன்ன நாளில் இறந்தார் என்று சொன்னால் ஒழிய அப்பாவுக்குப் படையல் போடக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மகளும் அதைக் காப்பாற்றிக் கிழவியாகிவிட்டார். இதெல்லாம் மருமகள் அடுத்தடுத்த போன்களில் சொன்னது. நாள் சொல்ல வந்த அந்த யாரோ, நான்தானாம்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. சனிக்கிழமை மேசையில் உட்கார்ந்தால் புதுக் கதையின் கதாநாயகி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். பழைய கதையின் நண்பன் வந்து நிற்கிறான். பெயர் வைக்காததால் அவனைப் போ என்று சொல்லவும் முடியவில்லை. பாசாருக்குப் போனால் உப்புப் பொட்டலம் அடுக்கியிருக்கும் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. ஒருநாள் காலை, பாதி ஷட்டர் ஏற்றியிருந்த மளிகைக் கடை முன் யாரோ ஒரு ஆள் உள்ளே குனிந்து, "அண்ணே, கடை தொறந்திருக்கா?" என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கச் சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். அவர் சிகரெட் வாங்கிக்கொண்டு போனார்.

உப்பு எனக்கு எங்கிருந்து வந்தது? அதையும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். நானாகக் கற்பனை செய்தேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. யாரிடமோ கேட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. நம் சாவு வீடுகளில் நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு பேசுகிறவர்கள் எத்தனை பேர்! எல்லோர் குடும்பத்திலும் ஒருவர் எதையோ வாங்கப் போய்த் திரும்பாமல் இருக்கிறார். எங்கள் குடும்பத்திலும் உண்டு. எங்களவர் மாட்டைத் தேடிப் போனவர். உப்பு ஒருவேளை அப்படி என் காதில் விழுந்து உள்ளேயே கிடந்திருக்கலாம். ஆனால் அட்டமி நான் வைத்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"சொல்லாம விட்டுடு லா" என்றார் கணவர். "பாவம் வயசானவங்க. ஒரு நாள் கெடச்சிருக்கு, கும்பிட்டுட்டு நிம்மதியா இருக்கட்டும். ஒனக்கு என்ன?"

எனக்கு என்ன என்றுதான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். பெரியவருடைய அம்மா ஆயுள் முழுக்க ஒரு மனிதரைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருந்தார். சயாமிலேயே தங்கிப்போனவர்கள் உண்டு, அங்கேயே குடும்பம் ஆனவர்கள் உண்டு. அவர் எப்படி முடிந்தார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பது அந்த அம்மாளின் சொத்து. அதை நான் பௌர்ணமி காலியில்லை என்ற காரணத்துக்காக முடித்து வைக்கிறேன். பொய்யான நாளில் இலை போட்டால் வந்து சாப்பிடுகிறவர் யார்? நினைக்க நினைக்க எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நேரில் போய்ச் சொல்லிவிடுவது, படையலுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அட்டமி அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பினேன். கிள்ளான் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயிலுக்கு நிற்கும்போது தற்செயலாக மேலே பார்த்தேன். வெளுத்த வானத்தில் அரை நிலா நின்றது. நாள்காட்டியில் பார்த்துப் பார்த்துப் பங்கிட்டவள், அதை நேரில் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. ரயில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, அவர்கள் சொன்ன பழைய அடுக்குமாடியைக் கண்டுபிடித்தேன். லிஃப்டில் போகும்போது சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். நான் எழுதிய வசனங்களிலேயே அதுதான் மோசம்.

கதவைத் திறந்தது மருமகள். வேலைக்குப் போகிற பெண்ணின் அவசர முகம், தலையில் ஈரத் துண்டு. பெரியவர் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். சுவரோரம் மணைப்பலகையில் குத்துவிளக்கு எரிந்தது. வழக்கமாகப் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர்தான். அவரைப் படம் எடுத்தவர் யாரும் இல்லை. வெறும் சுவருக்கு ஒரு கதம்ப மாலையைச் சாத்தியிருந்தார்கள். கீழே தலைவாழை இலையில் சோறு, சாம்பார், வாழைக்காய், அப்பளம், வடை எல்லாம் பரிமாறியிருந்தது. இலையின் ஓரத்தில் மட்டும் ஒன்றும் வைக்காமல் விட்டிருந்தார்கள்.

பெரியவர் என் முகத்தைத் தடவுவதுபோல் உற்றுப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த சின்னக் கிண்ணத்தைக் காட்டினார். அதில் ஒரு சிட்டிகை உப்பு.

"எலையில மொதல்ல உப்புதான் வைக்கணும். எனக்குக் கை வரல. இத வாங்கப் போயிதானே அவரு..." என்று நிறுத்தினார். "நீதான் கடைசியா என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவ. நீயே சொல்லு. அவருக்கு உப்பு வைக்கலாமா, வேணாமா?"

நான் சிமெண்டுத் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தேன். மனப்பாடம் செய்த வசனம் ஒன்றும் வரவில்லை.

"அம்மா, எனக்கு ஒன்னும் தெரியாதும்மா. அது நான் எழுதின கதை. அந்த அட்டமி நானா போட்டது. அங்க யாரு செத்தாங்க, எப்ப செத்தாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல."

மருமகள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பெரியவர் கிண்ணத்தை மூடிப் பிடித்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கோபம் வந்தது, நல்ல கோபம்.

"கதையா?"

"ஆமாம்மா."

"அப்ப அந்த ஹீரோவும் பொய்யி?"

"பொய்தாம்மா."

"அவன மட்டும் பத்தரமா வீட்டுக்குக் கொண்டாந்து சேத்தேல்ல? கல்யாணமும் பண்ணி வெச்சேல்ல? எல்லாமே ஒன் கையிலதானே இருந்துச்சு? அப்ப எங்கப்பாவ எதுக்குடி சாகடிச்சே? ரெண்டு பேரையும் கொண்டாந்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

என்னிடம் பதில் இருந்தது. கதைக்கு ஒரு சாவு தேவைப்பட்டது என்பதுதான் பதில். அந்த வெறும் சுவரையும் மாலையையும் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் என் எழுத்தைப் பற்றி எவ்வளவோ பேர் குறை சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. சரியான கேள்வி அது ஒன்றுதான்.

கீழே மோனோரயில் ஒன்று கடந்து போயிற்று. பிறகு பெரியவர் மருமகளைப் பார்த்தார்.

"வெளக்க எடுத்துட்டுப் போயி சாமி ரூம்ல வையி. மாலைய கழட்டி முருகனுக்குப் போடு. எங்கம்மா சொன்னதுதான் செரி. ஆளு இன்னும் வரல, அவ்ளோதான்."

மருமகள் மாலையைக் கழற்றினாள். சுவர் மறுபடியும் சுவரானது. இலையை அலுங்காமல் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். படையலாக இருந்தது வெறும் மதியச் சாப்பாடாகிவிட்டது. பெரியவர் என்னை அங்கே உட்காரச் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். ஆனால் "உக்காரு" என்ற குரலில் இன்னும் கோபம் இருந்தது. பயந்துகொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வாய் வைத்ததும் தெரிந்தது. சாம்பாரில் உப்பே இல்லை. வாழைக்காயிலும் இல்லை. படையல் சமையலை ருசி பார்க்கக் கூடாது, ஆகவே அந்த வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது என்று நினைத்தேன். பேசாமல் விழுங்கினேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டார்.

"உப்பு போடலியா நீ?"

"தீந்துருச்சு அத்தை" என்றாள் மருமகள், குற்றவாளிபோல. "காலையிலதான் பாத்தேன். நீங்க வெறும் வயித்துல இருக்கீங்க, கூட வர ஆளில்ல. இருந்த கொஞ்சத்த எலைக்குன்னு எடுத்து வெச்சுட்டு அப்படியே ஒப்பேத்திட்டேன்."

"கடை எதிர்லதானே? நான் போய் வாங்கிட்டு வரேன்மா" என்று எழுந்து கையைக் கழுவினேன். அந்த வீட்டை விட்டு இரண்டு நிமிடமாவது வெளியே போனால் போதும் என்று இருந்தது எனக்கு.

"தனியாவா?" என்றார் பெரியவர்.

நான் நின்றுவிட்டேன். அவர் நாற்காலியின் கைகளை ஊன்றி மெதுவாக எழுந்தார். மருமகள் தடுத்தாள், கஞ்சியாவது குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். காதில் வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். எலும்பும் தோலுமான கை, ஆனால் பிடி இரும்பு.

லிஃப்டில் கீழே இறங்கும்போது, கதவையே பார்த்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"கடை தொறந்திருக்கா?"

நான் எழுதிய அதே இரண்டு சொற்கள். எழுதும்போது அவற்றுக்கு இவ்வளவு கனம் இருக்கவில்லை. பதிலும் நான் எழுதவில்லை. கதையில் கதாநாயகன் பதில் சொல்லாமல் அழுவான்.

"தொறந்திருக்கும்மா" என்றேன்.

கடை திறந்துதான் இருந்தது. கல்லாவில் இருந்த பையன் போனைப் பார்த்துக்கொண்டே பொட்டலத்தைக் கொடுத்தான். சாலையைக் கடக்கும்போது ஒரு லோரி வந்தது. பெரியவர் சட்டென்று நின்று என் கையை இறுக்கினார். அது காய்கறி ஏற்றிய லோரி, கொஞ்ச தூரம் போய்ச் சிக்னலில் நின்றது. விளக்கு பச்சையாகி லோரி கண்ணை விட்டு மறையும்வரை அவர் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மேலே நிலா இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

மறுபடி லிஃப்டில் ஏறினோம். உப்புப் பொட்டலம் அவர் கையில், அவருடைய இன்னொரு கை என் கையில். என் மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டதா என்று தெரியவில்லை. தீர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. கதவு திறந்ததும் மருமகள் வாசலில் எங்களுக்காகக் காத்து நின்றது தெரிந்தது. பெரியவர் பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, என் கையை விடாமலே என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? ரெண்டு பேரும் திரும்பி வந்துட்டோம். இதுல என்ன கஷ்டம் ஒனக்கு?"